சிங்கப்பூரில் எந்தப் பக்கம் தங்குவது? தேக்காவா (லிட்டில் இந்தியா), வேறெங்காவதா?

#1 காவிரிக்கரை (திருச்சி)

வணக்கம். அரையாண்டு லீவுல குடும்பத்தோட சிங்கப்பூர் வர்றோம். நான், வீட்டம்மா, ரெண்டாவது படிக்கிற பொண்ணு, எங்க அப்பா அம்மா. திருச்சியில இருந்து நேரடி விமானம், விடிஞ்சும் விடியாம சாங்கியில இறக்கி விட்டுடும். அம்மா சுத்த சைவம், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட மாட்டாங்க. அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். மாடிப்படி ஏறினா மறுநாள் முழுக்கப் படுக்கைதான்.

பார்க்கணும்னு இருக்கிறது மரினா பே, கார்டன்ஸ் பை த பே, பொண்ணுக்காக யூனிவர்சல் ஸ்டுடியோஸ், ஜூ, ரெண்டு மூணு கோயில். அம்மாவுக்கு முஸ்தஃபா கடை. அதைக் கழிச்சா வீட்டுக்குள்ள சண்டை வரும்.

ஹோட்டல் தளத்தைத் திறந்தா லிட்டில் இந்தியா, லாவண்டர், பூகிஸ், கேலாங், பாலஸ்டியர், சைனாடவுன், கத்தோங்னு பேரா வந்து விழுது. ஒவ்வொண்ணும் 'நகரின் மையத்தில்' இருக்காம். எத்தனை மையம்யா ஒரு ஊருக்கு? ஆபீஸ் நண்பர் "கண்ண மூடிக்கிட்டு லிட்டில் இந்தியா போடு"ங்கிறார். மச்சான் "அங்க மட்டும் வேண்டாம்"ங்கிறான். ரெண்டு பேருமே காரணம் சொல்ல மாட்டேங்கிறாங்க. அங்க இருக்கிறவங்க சொல்லுங்க.

#2 தேக்காக்காரி

காரணத்தை நான் சொல்றேன். ராவல் ரோட்டுப் பக்கம் வீவக (அரசு வீடமைப்பு) புளோக்குல குடியிருக்கிறவ நான், பால்கனியில நின்னா பாதி லிட்டில் இந்தியா தெரியும்.

முதல்ல, லிட்டில் இந்தியா ஒரே இடம் கிடையாது. சிராங்கூன் சாலை நீளத்துக்குக் கிடக்கு, ரெண்டு முனையும் ரெண்டு குணம். தேக்கா முனையில பஃபலோ ரோடு, கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட். பூக்கடை, காய்கறி, வீரமாகாளியம்மன் கோயில், கேம்பல் லேன்ல இந்திய மரபுடைமை நிலையம். பார்க்க அழகு. ஆனா ஹோட்டல் எல்லாம் பழைய கடைவீடுகளை மாத்திக் கட்டினது. படி செங்குத்தா இருக்கும், அறை சின்னது, சிலதுல சன்னலே கிடையாது. டன்லப் ஸ்திரீட்ல பையைத் தோள்ல மாட்டிட்டு வர்ற வெள்ளைக்காரப் பிள்ளைங்க விடுதி நிறைய. கீழ பார், மேல அறை. உங்க அப்பா தூங்கின மாதிரிதான்.

மறுமுனை ஃபேரர் பார்க். முஸ்தஃபா, சீனிவாசப் பெருமாள் கோயில், வடபத்திர காளியம்மன் கோயில், சிட்டி ஸ்குவேர் மால். இங்க ஹோட்டல் பெரிசு, மின்தூக்கி உண்டு. எம்ஆர்டி ரயில் நிலையத்துல இருந்து மால் அடித்தளத்துக்குள்ளேயே போய் ஏறலாம், டிசம்பர் மழையில அதோட அருமை தெரியும்.

நடுவுல டெஸ்கர் ரோட்டுப் பக்கம் மலிவா ரூம் கிடைக்கும். பெரியவங்களோட வர்றீங்க, அது வேண்டாம். விளக்கம் கேக்காதீங்க.

ரூம் போடறதுக்கு முன்னாடி ஹோட்டலுக்குப் போன் போட்டு ரெண்டே கேள்வி கேளுங்க. மின்தூக்கி தரையில இருந்தே தொடங்குதா, இல்ல முதல்ல அஞ்சாறு படி ஏறணுமா? அறையில சன்னல் இருக்கா? 'லிஃப்ட் உண்டு'ன்னு போட்டிருப்பாங்க, அதுக்குப் போக வாசல்ல ஒம்பது படி இருக்கும்.

#3 பிடோக் மாறன்

மச்சான் பக்கம் நான் நிக்கிறேன்.

திருச்சியில இருந்து நாலு மணி நேரம் பறந்து வந்து, காலையில பொங்கல் வடை, மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு, ராத்திரி முஸ்தஃபா. சிங்கப்பூரை எப்பப் பார்க்கறது? நம்ம ஆளுங்க பண்ற வழக்கமான காரியம் இது. மரினா பேக்குப் பஸ்ல போய் போட்டோ எடுத்துட்டு, மறுபடி தேக்காவுக்கு ஓடி வந்துடுவாங்க. ஊருக்குப் போய் "சிங்கப்பூர் நம்ம ஊர் மாதிரியேதான்"னு சொல்லுவாங்க. அப்படித்தானே தெரியும், வேற எங்க இருந்தீங்க?

ஒரு வீவக பேட்டையிலயாவது காலையில நடங்க. காப்பிக்கடையில கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி), காயா (தேங்காய் ஜாம்) ரொட்டி, சீனத் தாத்தாக்கள் பறவைக்கூண்டோட உக்காந்திருக்கறது, தைச்சி ஆடற பாட்டிகள். கிழக்குப் பக்கம் வாங்க. கத்தோங், ஜூ சியட் வட்டாரத்துல அந்தப் பெரனாக்கன் (இங்கேயே வேரூன்றின பழைய சீன வம்சாவளி) வீடுகளைப் பார்த்தாலே போதும். 2024 ஜூன்ல தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் தடம் அந்தப் பக்கம் திறந்துட்டாங்க, மரீன் பரேட்ல ஏறினா கார்டன்ஸ் பை த பே நிலையத்துக்கு மாறாமப் போகலாம். முன்ன மாதிரி பஸ்ஸை நம்பிக் கிடக்க வேண்டாம்.

#4 தேக்காக்காரி

மாறன், நீங்க சொல்றது முப்பது வயசுக்காரங்களுக்கு. காலையில ஏழு மணிக்கு அந்த அம்மாவுக்கு ஒரு டம்ளர் காப்பி, ரெண்டு இட்லி கிடைக்கலன்னா மத்த நாலு பேருக்கும் அன்னிக்கு ஊர் சுத்தல் கிடையாது. மாமியார் பசியோட இருக்கிறப்ப எந்த மருமக நிம்மதியா ஜூ பார்த்திருக்கா?

அதோட, இது திருச்சி பெரிய கடைவீதி இல்ல. கெர்பாவ் ரோட்ல டான் டெங் நியாவோட அந்தப் பலவண்ண வீடு நிக்குது, சீனர் வீடு. ரேஸ் கோர்ஸ் ரோட்ல நடந்தா சாக்கியமுனி புத்தர் கோயில், எதிர்ல லியோங் சான் சீ. சிராங்கூன் ரோட்லயே அங்குலியா பள்ளிவாசல், டன்லப் ஸ்திரீட்ல அப்துல் கஃபூர். இது சிங்கப்பூர் இல்லைன்னா வேற எது? நம்ம ஆளு சோத்துக்கடையை மட்டும் பார்த்துட்டுப் போனா அது பேட்டையோட குத்தமா?

#5 நீலத்தடம்

ரெண்டு பேரும் பேட்டையைப் பத்தியே பேசறீங்க. நான் ரயில் பைத்தியம், என் கணக்கு வேற. இந்த ஊர்ல பேட்டை பேர் ரெண்டாம் பட்சம். எந்தத் தடத்துல இருக்கு, நிலைய வாசல்ல இருந்து கட்டில் வரைக்கும் எத்தனை நிமிஷ நடை, அது கூரை போட்ட நடைபாதையா? இதுதான் பார்க்கணும். முழங்கால் வலிக்காரரை வெச்சுக்கிட்டு 'புகழ்பெற்ற வட்டாரம், நிலையத்துக்குப் பதினெட்டு நிமிஷம்'னு எடுத்தீங்கன்னா தினம் ரெண்டு தடவை அந்த நடையை நடக்கணும், கடைசி நடை எல்லாரும் சோர்ந்து போயிருக்கறப்ப வரும்.

காவிரிக்கரை சொன்ன பட்டியலை வெச்சே பாப்போம். யூனிவர்சலுக்குப் போக ஹார்பர்ஃப்ரண்ட் இறங்கணும். அது ஊதாத் தடம், வடகிழக்குத் தடத்தோட முனை. லிட்டில் இந்தியாவுல இருந்து அஞ்சாவது நிலையம், ஃபேரர் பார்க்குல இருந்து ஆறாவது. தடம் மாற வேண்டாம். அங்க விவோசிட்டி மால் மேல் தளத்துல, யூனிவர்சல் இருக்கிற செந்தோசா தீவுக்குப் போற செந்தோசா எக்ஸ்பிரஸ். மாரியம்மன் கோயில் பார்க்கணும்னா அதே ஊதாத் தடத்துல சைனாடவுன். 1827ல தொடங்கின கோயில், இந்த ஊர் இந்துக் கோயில்கள்லயே பழசு. மரினா பே, கார்டன்ஸ் ரெண்டுக்கும் பேஃபிரண்ட். அது நீலத் தடம், லிட்டில் இந்தியாவுல இருந்து நாலாவது. எதிர்த் திசையில மூணாவது நிலையம் பொட்டானிக் கார்டன்ஸ், 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தது, உள்ள நுழையக் காசு கிடையாது. ஜூவுக்கு ஒரு நிலையம் நியூட்டன் போய் சிவப்புத் தடம் மாறி காதிப், அங்கிருந்து மண்டாய் ஷட்டில் பஸ். அதாவது உங்க பட்டியலுக்கு லிட்டில் இந்தியா எம்ஆர்டி கிட்டத்தட்ட அளந்து வெச்ச மாதிரி இருக்கு. உணர்ச்சி, பாரம்பரியம் எதுவும் வேண்டாம், ரெண்டு தடம் அங்க சந்திக்குது, அவ்வளவுதான்.

இப்ப சாங்கியில இருந்து வர்றதைப் பத்தி. இதுல நிறையப் பேர் மாட்டிக்கிறாங்க. செல்போன் வரைபடத்துல பார்த்தா சாங்கிக்கு அடுத்த எக்ஸ்போவுல நீலத் தடம் ஏறினா லிட்டில் இந்தியா மாறாம வரும்னு காட்டும். உண்மைதான். ஆனா அந்தத் தடம் நேரா வராது. பெண்டமியர், ஜாலான் புசார் தாண்டி, பென்கூலன், ஃபோர்ட் கேனிங், சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ்னு ஊரையே ஒரு சுத்துச் சுத்திட்டு அப்புறம்தான் லிட்டில் இந்தியா. ஜாலான் புசார் நிலையம் வெல்ட் ரோட்டுப் பக்கம் இருக்கு, டன்லப் ஸ்திரீட்டுக்கு நடந்தே போயிடலாம். ரயில்ல இருக்கிறவன் நம்ம பேட்டைக்குப் பக்கத்துல வந்துட்டு, இறங்காம, சாமானோட மரினா பே எல்லாம் பார்த்துட்டு மறுபடி வருவான். பச்சைத் தடத்துல தானா மேரா மாறி பூகிஸ் வந்து, அங்க நீலம் ஏறி ரெண்டு நிலையம் வர்றது பல நேரம் சுருக்கு.

மாறன் அண்ணனோட கத்தோங் எனக்கும் பிடிக்கும். ஆனா அங்கிருந்து ஹார்பர்ஃப்ரண்டுக்குத் தடம் மாறாம வழி கிடையாது, ஜூவும் தூரம். ரெண்டாவது தடவை வர்றவங்களுக்கு அது.

#6 யாழ்ப்பறவை (டொரொண்டோ)

குறுக்கே கதைக்கிறதுக்கு மன்னிக்கவும். நாங்கள் சிங்கப்பூருக்கு வரேக்கை கத்தோங்கிலதான் நிக்கிறனாங்கள். காரணம் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயில். எங்கட ஆக்கள் கட்டின கோயில், அம்மம்மாவின்ர காலத்துச் சொந்தங்கள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கினம். காலமை கோயிலுக்கு நடந்து போகலாம், பின்னேரம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை. பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக் குடுத்தால் மற்றவேலை பார்க்கலாம்.

ஆனால் திருச்சி அண்ணா கேட்கிற விசயத்துக்கு அது சரிவராது எண்டுதான் நானும் சொல்லுவன். கோயிலுக்குப் பக்கத்தில சைவச் சாப்பாட்டுக் கடைகள் சிராங்கூன் ரோட்டில இருக்கிற அளவுக்கு இல்லை. கோயிலில அன்னதானம் இருக்கிற நாளில பிரச்சினை இல்லை, மற்ற நாளில அம்மா பாவம்.

#7 காவிரிக்கரை (திருச்சி)

அம்மாடி, இவ்வளவு விவரமா? நன்றி எல்லாருக்கும்.

ஒரு சந்தேகம். அஞ்சு பேருக்கு ஹோட்டல்ல ரெண்டு ரூம் கேக்கறாங்க, செலவு இடிக்குது. ஃபிளாட்டு ஒண்ணு நாள் வாடகைக்கு எடுத்தா சமையலறையும் இருக்கும்ல? முகநூல்ல ஒருத்தர் 'தமிழ்க் குடும்பம், தனி வீடு, ஒரு ராத்திரி 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)'ன்னு போட்டிருக்கார். அம்மாவே ரசம் வெச்சிடுவாங்க.

#8 ஜூரோங் ராணி

அந்த விளம்பரத்தை இப்பவே மூடுங்க.

சிங்கப்பூர்ல தனியார் குடியிருப்பை, கொண்டோவா இருந்தாலும் சரி, மூணு மாசத்துக்குக் குறைவா வாடகைக்கு விடக் கூடாது. 2017க்கு முன்னாடி ஆறு மாசமா இருந்துச்சு, அப்ப குறைச்சாங்க. வீவக வீடுன்னா இன்னமும் ஆறு மாசம், சுற்றுப்பயணியா வர்றவங்களுக்கு விடவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தா விட்டவருக்குப் பெரிய அபராதம். நீங்க பெட்டியோட வாசல்ல நிப்பீங்க. முன்பணமா அனுப்பின காசை யார்கிட்டப் போய்க் கேப்பீங்க? கீழ்த்தளத்துல யாராவது கேட்டா 'சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க'ன்னு சொல்லித் தருவாங்க. வயசான காலத்துல உங்கப்பாவைப் பொய் சொல்ல வைக்கணுமா?

நெசமாவே சொந்தக்காரங்க வீட்ல, காசு கொடுக்காம, விருந்தாளியா வந்து நாலு நாள் இருக்கறது வேற விஷயம். சமையலறை கட்டாயம் வேணும்னா உரிமம் வாங்கின சர்வீஸ் அப்பார்ட்மெண்ட் இருக்கு. விலை கூடுதல்தான், குறைஞ்சபட்சம் எத்தனை ராத்திரின்னு கேட்டுட்டுப் போடுங்க.

ரெண்டு ரூம் போடறப்ப 'கனெக்டிங் ரூம்' கேளுங்க, நடுவுல கதவு இருக்கும். பொண்ணு தாத்தா பாட்டி கூடப் படுத்துக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடலாம் 😄

#9 கடாரத்தான் (பினாங்கு)

நான் பினாங்கிலிருந்து வேலை விஷயமாக அடிக்கடி வருபவன். செலவு இடித்தால் கேலாங், பாலஸ்டியர் இரண்டையும் ஏன் யாரும் சொல்லவில்லை? அறை வாடகை நல்ல வித்தியாசம். கேலாங்கில் நள்ளிரவிலும் சாப்பாடு கிடைக்கும், டுரியான் சீசன் என்றால் சாலையோரமே உட்கார்ந்து சாப்பிடலாம்.

#10 தேக்காக்காரி

நீங்க தனியா வர்ற ஆம்பளை, உங்களுக்குச் சரி. கேலாங்ல இரட்டைப்படை எண் லோரோங் (சந்து) எல்லாம் என்ன இடம்னு உங்களுக்கும் தெரியும். பயப்பட ஒண்ணுமில்ல, யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க. ஆனா மணிக்கணக்குல ரூம் விடற ஹோட்டல் வரவேற்பறையில ஏழு வயசுப் பொண்ணோட பாட்டி நிக்கணுமா? பாலஸ்டியர் நல்ல இடம்தான், ரூம் வாடகையும் அங்க சல்லிசு, எம்ஆர்டிதான் பக்கத்துல இல்ல. பஸ் பழகினவங்களுக்கு ஓகே.

#11 ஆர்ச்சர்ட் ராஜா

ஒரு முக்கியமான விஷயத்தை எல்லாரும் மறைக்கிறீங்க. ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியாவுல கால் வைக்க முடியாது. ஒரே லேபர் கூட்டம். 2013ல கலவரம் நடந்த இடம். ஃபேமிலியோட வர்றவங்க ஆர்ச்சர்ட்ல தங்கறதுதான் மரியாதை. கிறிஸ்துமஸ் விளக்கும் பார்க்கலாம்.

#12 துவாஸ் தம்பி

அண்ணே, நீங்க சொல்ற அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன்தான். ஊரு பட்டுக்கோட்டைப் பக்கம். கப்பல் பட்டறை வேலை.

வாரத்துல ஆறு நாள் டார்மிட்டரி, லாரி, வேலைன்னு போயிடும். ஞாயித்துக்கிழமைதான் ஊருக்குக் காசு அனுப்ப, முடி வெட்ட, பக்கத்து ஊர்க்காரனைப் பார்க்க தேக்காவுக்கு வர்றது. எங்க ஊர்ப் பயலுக எல்லாம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுத் திடல்ல வட்டமா உக்காந்திருப்பானுங்க. பங்களாதேஷ் ஆளுங்க முஸ்தஃபாவுக்கு எதிர்ல லெம்பு ரோட்டுப் பக்கம். ஒருத்தன் பொட்டலம் பிரிப்பான், ஒருத்தன் போனை நிமித்தி வெச்சுப் புள்ளைக்கு முகம் காட்டிட்டு இருப்பான். குடும்பத்தோட யாராவது நடந்து வந்தா ஒதுங்கி வழி விடுவோம். ஊர்ல இருக்கிற அம்மா ஞாபகம் வரும்ணே, வேற என்ன?

2013 டிசம்பர் 8 ராத்திரி நடந்தது பஸ்ஸுல அடிபட்டு நம்ம ஆளு ஒருத்தர் செத்ததுல தொடங்குன விஷயம். அது ஒரு நாள். அதுக்கப்புறம் 2015ல சட்டம் வந்து, வார இறுதியில அந்த வட்டாரத்துல வெளியில உக்காந்து குடிக்கக் கூடாதுன்னு ஆயிருச்சு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை அங்க நெரிசல் இருக்கும், பயம் கிடையாது.

திருச்சி அண்ணனுக்கு: ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அப்பாவை சிராங்கூன் ரோட்ல நடக்க விடாதீங்க, நடைபாதையில தோளோட தோள் இடிக்கும். அந்த நேரத்துக்குக் கார்டன்ஸ் பக்கம் போயிட்டு ஒம்பதரைக்கு மேல வாங்க. மறுநாள் வேலைன்னு நாங்க எல்லாம் பஸ் ஏறிருப்போம். முஸ்தஃபாவுக்கு வேற ஒரு நாள் ராத்திரி பத்துக்கு மேல போங்க. முன்ன மாதிரி இருபத்து நாலு மணி நேரம் கிடையாது, கோவிட்டுக்கு அப்புறம் ரெண்டு மணியோட மூடிடுறாங்க, ஆனா அது போதும்.

#13 பிடோக் மாறன்

தம்பி, உங்க பதிவுக்கு ஒரு சல்யூட். ராஜா, ஆர்ச்சர்ட்ல ஒரு ராத்திரி வாடகையில அவங்க ரெண்டு ராத்திரி ஃபேரர் பார்க்குல தூங்கலாம். விளக்கைப் பார்க்க அங்க படுக்கணும்னு இல்ல, சாயங்காலம் போய்ட்டு வந்தாப் போதும்.

#14 மட்டுறுத்துநர்

11ஆம் பதிவுக்கு வந்த மற்ற பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தங்குமிடம் பற்றி மட்டும் பேசுவோம்.

#15 கோப்பி கோசோங்

மாறனுக்கும் தேக்கா அக்காவுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு, ரெண்டு பேரும் தாண்டிப் போயிட்டீங்க. வாட்டர்லூ ஸ்திரீட்.

பூகிஸுக்கும் ரோச்சோருக்கும் இடையில. அங்க குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் பக்கத்துல பக்கத்துல. சீன ஆன்ட்டி ஒருத்தங்க குவான் இம்மைக் கும்பிட்டுட்டு, அதே ஊதுபத்திக் கட்டோட நேரா கிருஷ்ணன் சன்னதி வாசலுக்கு வருவாங்க. வெளிய ஊதுபத்தி குத்தப் பெரிய கலசம் ஒண்ணு இருக்கு. மூணு தடவை குனிவாங்க, பத்தியை நடுவாங்க, கைப்பையில இருந்து லாட்டரி சீட்டை எடுத்து ஒரு பார்வை பார்த்துட்டு மார்க்கெட்டுக்குப் போயிடுவாங்க. மாறன் கேட்ட சிங்கப்பூர் அதுதானே?

சைவத்துக்கும் கஷ்டமில்ல. கோயிலுக்குப் பக்கத்துல ஃபார்ச்சூன் சென்டர்னு ஒரு பழைய கட்டடம், உள்ள சீன சைவக் கடைங்க வரிசையா இருக்கு. அம்மாகிட்ட முன்னாலயே சொல்லி வைங்க, அங்க தட்டுல மீன், வாத்து மாதிரி ஒண்ணு வரும். அது சோயாவும் மாவும்தான். வடிவம் பார்த்தே சிலர் எழுந்து போயிடுவாங்க. முட்டை போடறீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கணும், சில கடையில உண்டு. நம்ம சாப்பாடு வேணும்னா தேக்காவுக்கு நடையிலயே போகலாம், இல்ல ரோச்சோர்ல இருந்து ஒரு நிலையம்.

மலேசியாவுக்கு ஒரு எட்டுப் போய் வர்ற யோசனை இருந்தாலும் குயின் ஸ்திரீட் பஸ் நிலையம் அங்கேயே இருக்கு, ஜோகூருக்கு நேரா.

#16 தேக்காக்காரி

வாட்டர்லூவை ஒத்துக்கறேன். நல்ல இடம். ஆனா அவங்க அம்மா சோயா வாத்தைத் தின்ன மாதிரிதான் 😂

#17 காவிரிக்கரை (திருச்சி)

வீட்டுல உக்காந்து எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன். சோயா வாத்துன்னதும் அம்மா முகத்தைப் பார்த்தே முடிவு ஆயிடுச்சு. ஃபேரர் பார்க் பக்கம், நிலையத்துல இருந்து அஞ்சு நிமிஷத்துக்குள்ள, ரெண்டு ரூம். போன் போட்டுக் கேட்டேன், மின்தூக்கி தரையில இருந்தேதான். கிருஷ்ணன் கோயிலை ஒரு காலையில சேர்த்துட்டேன், மாறன் சார் சொன்ன காப்பிக்கடை ஒண்ணும் உண்டு.

இன்னும் ரெண்டு கேள்வி. விடிகாலையில இறங்கினா ரூம் மத்தியானம் மூணு மணிக்குத்தான் தருவாங்களாம், அது வரைக்கும் பெரியவங்களை என்ன பண்றது? சாங்கியில இருந்து டாக்சியா, ரயிலா?

#18 ஜூரோங் ராணி

ரூமுக்கு மூணு வழி. முந்தின ராத்திரியையும் சேர்த்துப் போட்டு, விடிகாலையில வருவோம்னு முன்னாடியே எழுதிடறது. அப்பா உடம்புக்கு நான் இதைத்தான் செய்வேன், ஒரு ரூமுக்கு மட்டும் போட்டாலே பெரியவங்க படுத்துக்கலாம். ரெண்டாவது, சாமானை ஹோட்டல்ல போட்டுட்டுக் காலை டிபனை முடிச்சு, பெருமாள் கோயில், அப்புறம் சிட்டி ஸ்குவேர் மால் குளிர்ல உக்காந்திருக்கறது. மூணாவது, சாங்கியிலேயே ஜுவல் மால்ல அந்த அருவியைப் பார்த்துட்டு மெதுவா வர்றது. ராத்திரி முழுக்கத் தூங்காதவங்களுக்கு அருவியும் ஒண்ணுதான் குழாயும் ஒண்ணுதான்.

டாக்சி விஷயம் கவனிங்க. சாதாரண டாக்சியில நாலு பேர்தான், குழந்தையும் ஒரு ஆள் கணக்கு. நீங்க அஞ்சு பேர், ஆறு பேர் வண்டி கேக்கணும். செயலியில கிராப் மாதிரி வாடகைக் கார் கூப்பிட்டா 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம், இல்லைன்னா ஓட்டுநர் ஏத்த மாட்டார். தெருவுல ஓடற டாக்சிக்கு அந்த விதி இல்ல. நள்ளிரவுல இருந்து காலை ஆறு மணி வரைக்கும் மீட்டருக்கு மேல பாதி கூட்டுவாங்க, நீங்க ஏழு மணிக்கு வெளிய வந்தீங்கன்னா அந்தத் தொல்லை இல்ல.

ஹோட்டல் விலையில 'பிளஸ் பிளஸ்'னு இருந்தா 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதுக்கும் மேல 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 120 வெள்ளின்னு பார்த்தது கட்டறப்ப கிட்டத்தட்ட 144 ஆயிடும். ரெண்டு ரூமுக்குப் பெருக்கிப் பாருங்க.

#19 நீலத்தடம்

ரயிலுக்குத் தனி அட்டை தேடி அலைய வேண்டாம், தொட்டுக் கட்டற விசா, மாஸ்டர்கார்டு இருந்தா வாசல்ல அதையே தட்டலாம். ஆளுக்கு ஒரு அட்டை வேணும், ஒரே அட்டையை அஞ்சு தடவை தட்ட முடியாது. வெளிநாட்டு வங்கி அட்டைன்னா பயன்படுத்தற நாளுக்கு 60 காசு கூடப் பிடிப்பாங்க. பெரியவங்களுக்கு நிலையத்துல ஈஸி-லிங்க் வாங்கிக் கொடுத்துடுங்க, அது கையில இருந்தா அவங்களுக்கும் ஒரு தெம்பு.

#20 செந்தூரான் (ஈப்போ)

இதே இழையில் என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். தைப்பூசத்துக்கு வருகிறோம், தம்பி காவடி எடுக்கிறான். காவடி ஊர்வலம் தொடங்கும் பெருமாள் கோயில் பக்கம் தங்குவதா, முடிகிற இடமான டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் பக்கம் தங்குவதா? காவடி இறக்கியபின் நடக்கத் தெம்பிருக்காது என்று அம்மா இரண்டாவதைச் சொல்கிறார்.

#21 தேக்காக்காரி

தொடங்கற பக்கம். விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே பெருமாள் கோயில்ல இருக்க வேண்டியிருக்கும், அந்நேரத்துக்கு ரயில் கிடையாது, சிராங்கூன் சாலையில ஒரு பக்கம் அடைச்சிருப்பாங்க, டாக்சி கிட்ட வராது. காவடிச் சாமான், பால் செம்பு, அலகு குத்தற ஆளுன்னு எல்லாரையும் வெச்சுக்கிட்டு அந்த நேரத்துல நடந்து போகிற தூரத்துல ரூம் இருக்கணும். முடிச்சப்புறம் பகல் ஆயிடும், டேங்க் ரோட்ல இருந்து ஃபோர்ட் கேனிங் நிலையம் பக்கம், அண்ணன் ஒருத்தர் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்துடலாம். அன்னிக்கு இங்க பொது விடுமுறை இல்ல, அதையும் கணக்குல வெச்சுக்குங்க.

முந்தின ராத்திரியே பால்குடம் தொடங்கிடும், சாலையைப் பார்த்த ரூம் எடுத்தா தூக்கம் வராது. பின்பக்க அறையாக் கேளுங்க. காவடிக்கு முன்கூட்டியே பதிஞ்சாகணும், அதை முதல்ல முடிச்சுட்டு ரூமுக்குப் பணம் கட்டுங்க.